கன்னியம்மா அனுப்பிய நேயர் கருத்து

சனிக்கிழமைதோறும் வரதராஜுலு தன் போனைக் காலி செய்துவிடுவார். ஒரகடத்தில் பதினேழு வருடமாக அவர் வேலை பார்க்கும், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிய அரைமணி இருக்கும்போது எல்லோரும் தங்கள் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். வேண்டியது மேடையில், வேண்டாதது சிவப்புப் பெட்டியில். ஒரு நட்டுகூட வீணாகக் கிடக்கக் கூடாது. அந்தக் கையோடு கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, வாட்ஸப்பையும் சுத்தம் செய்வார். குட் மார்னிங் பூக்கள், சொந்தக்காரர்கள் குழுவின் சண்டைகள், மனைவி கன்னியம்மா அனுப்பிய குரல் பதிவுகள், எல்லாம் ஒரே தேய்ப்பில் போகும்.

அவள் குரல் அப்படித்தான் போயிற்று.

தை மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். ஒன்பதாம் நாள் இல்லை. கடைசி மூன்று நாள் தொண்டையில் குழாய், பேச்சு கிடையாது. அவளுடைய போனை வார்டில் எவரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காரியம் முடிந்து, வடக்குப்பட்டு வீட்டிலிருந்து உறவு ஜனங்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அவர் தன் போனைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ‘பால் வாங்கியாச்சு’, ‘சாவி பக்கத்து வூட்ல கீது’ என்று கடைசி வாரத்து எழுத்துகள் நாலு இருந்தன. மச்சினன் மகள் கல்யாண வீடியோவில் ஓர் இடத்தில் வருகிறாள். பந்தியில் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அந்த இடத்தில் நாதஸ்வரம் ஓடுகிறது. எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் நாதஸ்வரம்தான்.

ஐப்பசி பிறந்ததும் டிவியில் ‘சிறகும் நீரும்’ மறுபடி வரப்போவதாக விளம்பரம் ஓடியது. வரதராஜுலு சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டார். கன்னியம்மா அந்த நிகழ்ச்சிக்குக் குரல் அனுப்பியிருக்கிறாள். அவர்களிடம் இருக்கும்.

மழைக்காலத்தில் ஏரிகளுக்கு வரும் பறவைகளைப் பற்றிய நிகழ்ச்சி அது. ஐப்பசியில் தொடங்கித் தை வரை, ஞாயிறு காலை பத்து மணிக்கு. கடைசி ஐந்து நிமிடம் நேயர் கருத்து. ஒரு வாட்ஸப் எண் கொடுப்பார்கள். பேசி அனுப்பினால், பிடித்ததை ஒளிபரப்புவார்கள். கன்னியம்மா பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பதினொரு வருடம் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, கீறல் விழுந்ததைப் பார்த்து ரிஜெக்ட் செய்தவள். அங்கே எந்த யோசனையானாலும் ஒரு சீட்டில் மூன்று கட்டத்தில் எழுதித்தான் தர வேண்டும்: குறை, காரணம், தீர்வு. வேறு விதமாகக் கருத்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

“குறை: நத்தைக்குத்தி நாரைக் குஞ்சு கூட்டுலேர்ந்து வியுந்துச்சு, நீங்க வெளம்பரம் போட்டுட்டீங்க. காரணம்: அது செத்தா இன்னா, பொழைச்சா இன்னான்னு ஒங்களுக்கு அக்கறை இல்ல. தீர்வு: அடுத்த வாரம் வந்து, அந்தக் குஞ்சு இன்னா ஆச்சுன்னு மொதல்ல சொல்லணும். இப்படிக்கு கன்னியம்மா, வடக்குப்பட்டு.”

“இன்னா கன்னீ, டிவிகாரனுக்கே ரிஜெக்ட் அடிக்கிற?” என்றார் பக்கத்திலிருந்த வரதராஜுலு.

“யோவ், கம்முனு கெட. ஒன் கொரலும் சேந்து போயிடப் போவுது. அப்பால ரெண்டுத்தையும் ரிஜெக்ட் பண்ணுவான்.”

போன மார்கழியில் அந்தக் குஞ்சுக் கருத்து ஒளிபரப்பானது. சரியாக அந்த நேரத்தில் சூப்பர்வைசர் போன். ஓவர்டைம் பார்க்க வர முடியுமா என்று கேட்டார். வரதராஜுலு வாசலில் நின்று சத்தமாகப் பேசிவிட்டு உள்ளே வந்தபோது, கன்னியம்மா டிவி முன்னால் முகமெல்லாம் சிவக்க நின்றிருந்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேன், கேட்டேன். சூப்பரா கீது.”

அவர் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்ததா என்பதும் இனித் தெரியப்போவதில்லை.

அவள் குரல் பதிவைத் தரச் சொல்லி நிகழ்ச்சியின் வாட்ஸப் எண்ணுக்கு எழுதினார். ‘உங்கள் கருத்துக்கு நன்றி. தேர்வானால் ஒளிபரப்பாகும்’ என்று பதில் வந்தது. ‘ஐயா, இது கருத்து இல்லை, என் சம்சாரம் இறந்துவிட்டாள்’ என்று எழுதினார். ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’ காலையில் ஒன்று, இரவு ஒன்று என்று அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் அதே நன்றி.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அண்ணாதுரை போனை வாங்கி யூடியூபில் தேடிக் கொடுத்தான். போன வருடத்து நிகழ்ச்சிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பறவைகள் முடிந்ததும் படம் முடிந்தது.

“கருத்து பகுதிய வெட்டிட்டு ஏத்திக்கிறானுங்கண்ணா. அத்த எவன் பாக்கப்போறான்னு...” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

அந்த எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனாலும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், லாக்கரிலிருந்து போனை எடுத்துத் தினமும் அழைத்தார். ஆறாவது வாரம் ஒரு பெண் எடுத்தாள். கவிப்பிரியா என்றாள், நிகழ்ச்சிக்கு வரும் கருத்துகளைக் கேட்டுப் பிரித்து வைப்பவள்.

“போன சீசனா சார்? சீசன் முடிஞ்சா போனை க்ளியர் பண்ணிடுவோம் சார். இடம் பத்தாது.”

வரதராஜுலுவுக்குக் கோபம் வரவில்லை. எந்த முகத்தோடு கோபப்படுவது?

“டிவில வந்துச்சே மா, மார்கழில? அதுனா...”

“முழு நிகழ்ச்சி ஆறு மாசம்தான் இருக்கும் சார். அப்புறம் பறவைக் காட்சி மட்டும் எடுத்து வெச்சிப்போம். யார் சார், பேரு?”

“கன்னியம்மா. வடக்குப்பட்டு.”

“குறை, காரணம், தீர்வு... அந்த அக்காவா சார்? இந்த வருஷம் ஏன் அவங்க அனுப்பலன்னு நேத்துகூட பேசிட்டிருந்தோம். இங்க நாங்க சண்டை போட்டாலே அப்படித்தான் சார் சண்டை போடுவோம்.”

அவர் சொன்னார். அந்தப் பெண் அழுதாள். அழுதுவிட்டு, கருத்துகளையெல்லாம் கேட்டு டைப் அடித்து டைரக்டருக்குக் கொடுப்பது வழக்கம், அந்தத் தாள் இருக்கிறது, படமெடுத்து அனுப்புகிறேன் என்றாள்.

வந்தது. பதினொரு கருத்துகள். யாரோ எல்லாவற்றையும் திருத்தியிருந்தார்கள். ‘நாரைக் குஞ்சு கூட்டிலிருந்து விழுந்தது.’ ‘உங்களுக்கு அக்கறை இல்லை.’ வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. கன்னியம்மா அதில் ஒரு வரியில்கூட இல்லை.

பதினொன்றாவது இப்படி இருந்தது: ‘குறை: வர்ணனை செய்பவர் பேசிக்கொண்டே இருப்பதால் பறவைகளின் சத்தம் கேட்கவில்லை. காரணம்: பேசாவிட்டால் சம்பளம் தர மாட்டார்கள் என்ற பயம். தீர்வு: ஒரு நிமிடமாவது வாயை மூட வேண்டும்.’

அதற்குக் கீழே கவிப்பிரியா எழுதியிருந்தாள்: ‘ஞாயித்துக்கிழமை கண்டிப்பா பாருங்க சார்.’

அன்றைக்கு ஓவர்டைம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஒன்பதரைக்கே டிவி முன்னால் உட்கார்ந்தார். எங்காவது ஒரு துண்டு கிடைத்திருக்கும், அதைப் போடப்போகிறார்கள், அதனால்தான் பாருங்கள் என்கிறாள். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. போனில் பதிவு பொத்தானைத் தயாராக வைத்துக்கொண்டார்.

பத்தே முக்காலுக்கு வர்ணனைக்காரர் சொன்னார்: “வடக்குப்பட்டு நேயர் கன்னியம்மா கேட்டுக்கொண்டபடி, இப்போது ஒரு நிமிடம் நான் பேசப்போவதில்லை.”

பேசவில்லை. ஏதோ ஓர் ஏரி. நாரைகள் அலகைத் தட்டின. தண்ணீரில் இறக்கை அடித்தது. வரதராஜுலு சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினார். பிறகு எழுந்து போய் டிவியின் ஓரத்தில் காதை வைத்தார். அலகு, இறக்கை, காற்று. அவற்றுக்குப் பின்னால் எதுவும் இல்லை. நிமிடம் முடிந்து குக்கர் விளம்பரம் காதில் வெடித்தது.

தரையில் உட்கார்ந்தார். திரையில் அந்த எண் ஓடிக்கொண்டிருந்தது. போனில் அதைத் திறந்து, பேசுகிற பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

“குறை,” என்றார். தொண்டையைச் செருமினார். “குறை: எல்லாம் கேட்டுச்சு. அவ கொரலு கேக்கல. காரணம்: நாந்தான். சனிக்கெழம சனிக்கெழம நாந்தான் அயிச்சேன். டிவில வந்தப்பகூட வாசல்ல நின்னுக்கினு இருந்தேன். கேட்டேன்னு பொய் சொன்னேன். தீர்வு...”

நாற்பது நொடி ஆகியிருந்தது. எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு நிமிடம். ஒன்றரை. விரலை எடுத்தால் அது போய்ச் சேர்ந்துவிடும், உடனே நன்றி வந்துவிடும்.

அவர் விரலை எடுக்கவில்லை.