முனியாண்டி லாரியின் எடை

பகாவ் ஊருக்குப் பக்கத்திலுள்ள செம்பனை எண்ணெய் ஆலைக்கு எங்கள் கம்பெனி என்னை முதன்முதலாகத் தனியே அனுப்பியபோது லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. வழக்கமான சர்வீஸுக்குத்தான் போனேன். ஆலை ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி டீ வாங்கிக் கொடுத்தார்.

"மெஷின் நல்லா வேல செய்யுது லா தம்பி. போன மாசம் ஒரு திருடனயே புடிச்சுக் குடுத்துச்சு. முனியாண்டின்னு லாரி டிரைவர். தோட்டத்துல எண்ணி ஏத்துன பழக்குலைக்கு இங்க எடை கொறையும். வழியில வித்திருக்கான். வேலய விட்டுத் தூக்கியாச்சு."

"தெனமும் கொறையுமா சார்?"

"அவன் லாரி ஒரு டிராக்டர் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வர்ற அன்னிக்கெல்லாம். கூட்டத்துல தெரியாதுன்னு நெனப்பு."

அது உறுத்தியது. எடைமேடையின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தேன்.

"ஒங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவருன்னு சொன்னே, நீ மெஷினயே பிரிக்கிற. பரவால்ல லா," என்றார் கிராணி.

மேடைக்கு அடியிலுள்ள சென்சார்கள் ஒரே வண்டியைப் பல தடவை அளக்கும். அந்த எண்களை டிஎம்ஏ கன்ட்ரோலர் என்ற சிப், சிபியுவின் கை படாமல் நேராக மெமரியில் நிரப்பும். நிரப்பியதும் 'முடிந்தது' என்று சிக்னல் கொடுக்கும். அதன்பிறகே சிபியு சராசரி எடுக்க வேண்டும். இந்த மேடையின் புரோகிராம் சிக்னலுக்குக் காத்திருக்கவில்லை. குத்துமதிப்பாகக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்துக்கொண்டது. சாதாரணமாக அது போதும். முன்வண்டியின் ரசீது அச்சாகிக்கொண்டிருந்தால் மட்டும் டிஎம்ஏ அந்த வேலையை முதலில் பார்க்கும், எடை பின்தங்கும். மெமரியில் பாதி லாரியின் எண்கள், மீதி முன்னால் நின்ற, எடை குறைந்த டிராக்டருடைய பழைய எண்கள்.

ஒரு டிராக்டரையும் லாரியையும் அடுத்தடுத்து ஏற்றிக் கிராணியிடம் காட்டினேன். லாரியின் எடை குறைந்தது. லாரியைத் தனியாக ஏற்றினேன். சரியாக இருந்தது.

"முனியாண்டியத் திரும்பக் கூப்பிடுவீங்களா சார்?"

"லாரிக்கு வேற ஆளு வந்தாச்சு. தோட்டத்து வீட்டையும் அவனுக்கே குடுத்தாச்சு. மானேஜர்கிட்ட யாரு போயி சொல்றது, நீயா?"

நான்தான் சொன்னேன். மானேஜர் நன்றி சொன்னார். முனியாண்டியைப் பற்றிக் கேட்டதும் சர்வீஸ் பாரத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ஞாயிறன்று, புக்கிட் பெலண்டோக் என்ற ஊரில் தன் தம்பி வீட்டில் ஒண்டியிருந்த முனியாண்டியைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் தம்பி. உள்ள வந்து எம் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

அடுப்படியில் நின்றிருந்த அந்த அக்காவிடம் டிஎம்ஏ என்ற பேச்சே எடுக்காமல் முதலிலிருந்து சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார்.

"புள்ளைங்க தலையில கைய வச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன் தம்பி. பண்ணுனாரு. அப்பவும் நான் நம்பல."

முனியாண்டி வாசலுக்குப் போய்விட்டார்.

இப்போது எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சிக்னல் வரும்வரை அந்த மெமரியைப் படிக்காதே. ஏன் என்று கேட்டால், சராசரி தப்பாக வரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.