எல்லைக்கல்லுக்கு அந்தாண்டை ஓர் அன்னாசிப் பன்றிக்கறி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். கட்டைப்பையில் கனத்த இரும்புச் சட்டி, மூன்று எவர்சில்வர் தட்டு, ஓர் அன்னாசி, ஐஸ் வைத்துக் கட்டிய ஒன்றரைக் கிலோ வெண்பன்றிக் கறி. கடை திறந்ததும் முதல் ஆளாக நின்று வாங்கியது. கொழுப்போடு போடச் சொன்னேன். கொழுப்பு இல்லாவிட்டால் இந்தச் சமையல் எதற்கும் ஆகாது.

நான் ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணம் ஆகவில்லை, தனி ஆள். குடியிருக்கும் வீட்டில் கோழி, மீன் வரைக்கும் ஓனரம்மா கண்டுகொள்ள மாட்டார். பன்றி என்றால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லுவார். வருஷக் கடைசியில் எனக்கு ரிட்டயர்மென்ட். பெருநகர் பக்கத்தில் எங்கள் ஊர், அங்கே தம்பி முருகேசன் இருக்கிறான். பன்றிக்கறி என்றால் அவனுக்கு உயிர். நன்றாகச் சமைத்துப் போட்டு, அவன் கை கழுவுவதற்குள், பின்பக்கம் ஒரு ரூம் போட்டுக்கொண்டு நானும் வந்துவிடட்டுமா என்று கேட்டுவிடுவது என் திட்டம். போனில் கேட்கிற விஷயமா இது?

செங்கல்பட்டில் மாறி உத்திரமேரூர் பஸ். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் கை காட்டின இடமெல்லாம் நின்று ஒன்றேகால் மணி நேரம் ஆக்கினார்கள். பக்கத்து சீட்டு அம்மாள் மூக்கை உறிஞ்சி, பையில் என்ன என்று கேட்டார். அன்னாசி என்றேன். பொய் இல்லையே. எங்கே போகிறேன் என்றதற்கு, "எங்க ஊருக்கு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

உத்திரமேரூரில் சின்ன வெங்காயமும் பூண்டும் மசாலாச் சாமானும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் பிடித்தேன். பெண்களுக்குக் காசு இல்லை, உட்கார இடமும் இல்லை. பத்தரைக்கு எங்கள் ஊர் முனையில் இறங்கியதும் தலைக்கு மேலே பார்த்தேன். தெருவை மறித்து வேப்பிலைத் தோரணம். மஞ்சள் தண்ணீர் தெளித்த தரை. குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு.

காப்பு கட்டிவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதற்கு முன் காப்பு கட்டினால், அதற்குப் பிறகு ஊருக்குள் கவிச்சி நுழையக் கூடாது, ஊர்க்காரர் அதைத் தின்னவும் கூடாது. ஊர்க்காரர் யாரும் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. அதனால்தான் வெளியே வேலைக்குப் போனவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே போன் போகும். எனக்கு வரவில்லை. நானோ பன்றியைத் தூக்கிக்கொண்டு அம்மன் தோரணத்தின் கீழே நிற்கிறேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன். அவனும் அவன் மனைவி வசந்தாவும் ஓடி வந்தார்கள். வசந்தா பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். ஏன் சொல்லவில்லை என்று நேராகவே கேட்டேன்.

"கூழுக்குக் கூப்புடலாம்னு இருந்தோம் அண்ணி" என்றாள், நிஜமான பிரியத்தோடு. "அடுத்த ஞாயித்துக்கெயம. சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் பண்ணணும்."

காப்புக்கு ஊர்க்காரர்களிடம் சொல்வார்கள். கூழுக்கு விருந்தாளிகளைக் கூப்பிடுவார்கள். இது எனக்குத் தெரியாதா என்ன? தலையாட்டினேன்.

கறியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. தம்பிதான் வழி சொன்னான். விளைச்சலில் பங்கு பேசி அவன் வாரத்துக்கு உழும் நிலம் எல்லைக்கல்லுக்கு அந்தாண்டை, அடுத்த ஊர்க் கணக்கு. அங்கே மோட்டார் கொட்டகை இருக்கிறது. ஊரைச் சுற்றிக்கொண்டு பைக்கில் கொண்டுபோய் விட்டான்.

மூன்று செங்கல், காய்ந்த தென்னை மட்டை. சட்டியில் கறியை உப்பு, மஞ்சள், கொஞ்சம் தண்ணீரோடு போட்டுத் தட்டால் மூடினேன். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் சுண்டி, கொழுப்பு உருகி, கறி தன் எண்ணெயிலேயே பொரிய ஆரம்பித்தது. அதில் வெங்காயம், பூண்டு, இடித்த மிளகு, காய்ந்த மிளகாய். கடைசியில் ஒரு துண்டு வெல்லமும் அன்னாசியும். முன்பு என்னோடு அறையில் இருந்த மணிப்பூர் நர்ஸ் கற்றுக்கொடுத்தது. பழம் ஓரம் சிவந்து சட்டியில் ஒட்டும்போதுதான் இறக்க வேண்டும்.

தம்பி எல்லைக்கல்லுக்கு இந்தாண்டை வரப்பில் குந்தியிருந்தான். காற்று அவன் பக்கம்தான் அடித்தது. பாவம்.

"பளத்தப் போயி கறில போட்டுக்கினு கீறியே, நல்லாவா இருக்கும்?" என்றான்.

"வந்து துன்னு பாரு."

அவன் சிரித்து, மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்புக் கயிற்றைக் காட்டினான்.

நான் தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். என்ன சொல்ல, அற்புதமாக வந்திருந்தது. முதலில் தித்திப்பு, பிறகு மிளகுக் காரம், கடைசியில் கொழுப்பு நாக்கிலேயே கரைகிறது. ஒவ்வொரு வாய்க்கும் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதி கூட இறங்கவில்லை. தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பழக்கம்தான். ஒருவன் எதிரில் உட்கார்ந்திருக்கத் தனியாகச் சாப்பிட்டதில்லை.

ரூம் விஷயத்தை இப்போது கேட்டுவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவன் எழுந்து வேட்டியைத் தட்டினான்.

"பொயுதோட வூட்டுக்குப் போவணும்க்கா. காப்பு கட்டிட்டா ஊரு ஆளுங்க வெளிய தங்கக் கூடாதே."

"அப்ப நானு?"

கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன். நீயும் போகக் கூடாதுக்கா, வா வீட்டுக்கு என்று ஒரு வார்த்தை. அதற்காகவே காத்திருந்தேன்.

"உனுக்கு இன்னாக்கா, நீ பேஜாரில்லாம போலாம். வெளியூர் ஆளுக்கு அதெல்லாம் கெடையாது."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிடப் போகிறேனே என்கிற கவலையில்தான் சொன்னான். முனை வரைக்கும் கொண்டுவந்து விட்டு, பஸ் கிளம்பும் மட்டும் நின்று கையும் ஆட்டினான். கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. இனி எதற்கு?

திரும்பும் பஸ்ஸில் ஒரு பெண் எந்த ஊர் என்று கேட்டாள். தாம்பரம் என்றேன். எனக்கே அந்தச் சொல் புதிதாகக் கேட்டது.

தாம்பரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு மிச்சக் கறியைச் சூடாக்கினேன். ஓனரம்மாவுக்கு வாசனை போகக் கூடாதே. பழம் ஊறி, மத்தியானத்தைவிட ருசி கூடியிருந்தது. பிறகு பையைக் காலி செய்து பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். மூடி வைத்த தட்டில் கரி, சாப்பிட்ட தட்டில் எண்ணெய். மூன்றாவது தட்டைக் கழுவ வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கழுவினேன்.