வாழைக்கன்று கட்டிய ஃபோர்க்லிஃப்ட்

ஊரப்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் குடோனில், இடம் போதவில்லை என்று ரேக்குகளை நெருக்கிப் போட்டார்கள். பழைய டீசல் வண்டி அந்தச் சந்துகளுக்குள் நுழையவே முடியாது. அதற்காகவே, பெட்டிகளைத் தூக்கி அடுக்க ஒல்லியாக ஒரு மின்சார ஃபோர்க்லிஃப்ட் வந்தது. சந்துக்குள் போனால் இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளிதான்.

பேக்கிங்கில் ஐந்து வருடம் டேப் ஒட்டிய எனக்கு அதன்மேல் ஒரு கண். பயிற்சியும் முடித்துவிட்டேன். ஆயுத பூஜை அன்று எல்லார் முன்னாலும் ஒரு சந்து ஓட்டிக் காட்டினால் வண்டி எனக்கு, சொதப்பினால் மறுபடி டேப் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். "இந்தப் பொண்ணு ரேக்கையே சாய்ச்சிடும் சார்" என்று சூப்பர்வைசர் அண்ணன் அவர் காதில் ஏற்கெனவே ஓதி வைத்திருந்தார்.

நான் விடுவேனா? தாம்பரம் மார்க்கெட்டில் கொழுகொழு என்று இரண்டு வாழைக்கன்று வாங்கி, மின்சார ரயிலில் நாலு பேரிடம் திட்டு வாங்கிக் கொண்டுவந்து, வண்டியின் இரண்டு பக்கமும் நானே கட்டினேன். சந்தனம், குங்குமம், மாலை என்று வண்டி கல்யாணப் பெண்ணாகிவிட்டது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, கைதட்டலோடு சந்துக்குள் போனேன்.

பாதி தூரத்தில் 'மொறுக்' என்று சத்தம். சட்டென்று நிறுத்தினேன். வண்டிக்கு அளவு பார்த்த புத்திசாலி, வாழைக்குப் பார்க்கவில்லை! ஒரு கன்று வளைந்து, ரேக்கைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த மிக்சி பெட்டிகளுக்கு இடையில் செருகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாம்மா, பயந்துட்டியா? ரிவர்ஸ் எடு!" என்றார் சூப்பர்வைசர் அண்ணன்.

"எப்படி நகர்ந்தாலும் பெட்டி விழும்ணா. வாழையை வெட்டப் போறேன்."

"பூஜை வாழைம்மா, வெட்டாத!"

"அப்ப நீங்க உள்ள வந்து அவுத்து விடுங்கண்ணா."

அவர் இடைவெளியைப் பார்த்தார். தம் தொப்பையைப் பார்த்தார். நான் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வண்டியில் இருந்தபடியே எட்டி, பேக்கிங் கட்டரால் இரண்டு கன்றுகளையும் அறுத்து எடுத்தேன். மெதுவாகக் கடைசிவரை ஓட்டித் திரும்பக் கொண்டுவந்தேன். ஒரு பெட்டிகூட அசையவில்லை.

"இதை யார் கட்டினது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்."

"கட்டினது தப்பு. ஆனா சத்தம் கேட்டதும் நிறுத்தினீங்க பாருங்க, அது போதும்."

விடுமுறை முடிந்து வந்தபோது சூப்பர்வைசர் அண்ணன் அன்றைய வேலைப் பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாக அதில் எங்களுக்கு 'பேக்கிங் லேடிஸ் ஆறு பேர்' என்று ஒரே வரிதான். அன்று 'லேடிஸ் ஐந்து பேர்' என்று இருந்தது. அதற்கு மேலே, ஆபரேட்டர் என்ற இடத்தில், இனிஷியலோடு என் பெயர்.