மாத்திரைக்காகப் புகைத்தவன்

கோப்பையும் கேடயமும் செய்யும் அந்தப் பட்டறையில் அவனுக்குப் புகைவண்டி என்று பெயர். ஓட்டப்பந்தயம், சமையல் போட்டி, அழகான நாய் என்று ஊரில் யார் எதில் ஜெயித்தாலும் அவர்கள் பெயரைப் பித்தளையில் பொறிப்பவன் அவன்தான். அவனுக்கென்று வாய்த்தது எச்.ஐ.வி. மட்டும். மனைவியிடம் சொல்லித்தான் கட்டிக்கொண்டான். மருந்தின் புண்ணியத்தில் அவளுக்குத் தொற்றவில்லை. மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி.

வீட்டில் ஒரு தலைவலி மாத்திரையை விழுங்கினால்கூட மாமியார் கேள்வி கேட்டே துளைத்துவிடுவார். அதனால் மாதம் முழுவதற்குமான மாத்திரை டப்பா பட்டறையில்தான் குடியிருந்தது. டீ நேரத்தில் பின்வாசலுக்குப் போய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வருவான். தினமும் பின்வாசலுக்குப் போகிறவனை உலகம் சும்மா விடுமா? மேஸ்திரி ஒருநாள் பிடித்துவிட்டார்.

"எங்கடா போற?"

"தம் அடிக்கண்ணே."

அதுவரை சிகரெட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. மேஸ்திரி தாராள மனசுக்காரர். தன் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி அவன் வாயில் வைத்து, பற்றவும் வைத்துவிட்டார். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் நிம்மதி. அன்றிலிருந்து மாத்திரைக்கு ஒரு சிகரெட். அப்புறம் சிகரெட்டுக்கு ஒரு சிகரெட். உயிரைக் காப்பாற்றும் மாத்திரையை மறைக்க, உயிரை வாங்கும் புகையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் நின்ற ஆள் அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

எச்.ஐ.வி. பிரிவு டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கிருமி நல்லா அடங்கித்தான் இருக்கு. ஆனா இந்தக் கிருமி இருக்கிறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். அதுக்கு மேல சிகரெட் வேறயா? இன்னைக்கே நிறுத்துங்க."

"நிறுத்திட்டா மாத்திரையை எப்படி முழுங்குறது டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். நுரையீரல் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

வலது நுரையீரலில் சின்னதாக ஒரு கட்டி. ஆரம்பக் கட்டம்தான். ஆனால் அறுவை டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, ஏற்கெனவே இந்த வியாதி இருக்கிறவருக்கு ஆபரேஷன் எதற்கு என்று உதட்டைப் பிதுக்கினார். டாக்டரம்மா விடவில்லை. "கிருமி இவரைக் கொல்லப் போறதில்ல, கட்டியை விட்டா அதுதான் கொல்லும். மத்தவங்களுக்கு என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க" என்று மல்லுக்கட்டி ஆபரேஷனுக்கு நாள் வாங்கினார்.

இங்கேதான் வேடிக்கை. புற்றுநோய் என்றதும் பட்டறையே உருகிவிட்டது. மேஸ்திரி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். மெருகு போடும் அக்கா ஆஸ்பத்திரியில் அழுதாள். மாமியார் தெருவில் ஒரு வீடு விடாமல் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு வியாதி தனக்கு வந்துவிட்டதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சிகரெட்டை விட்டான். வேலைக்குத் திரும்பியதும், எல்லோர் முன்னாலும் டப்பாவைத் திறந்து "புற்றுநோய் மாத்திரை" என்று காட்டிவிட்டே விழுங்கினான். அக்கா தன் பாட்டிலிலிருந்தே தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை.

அதற்கும் வேட்டு வைத்தார் அறுவை டாக்டர். "கட்டி சுத்தமா போயிடுச்சு. அப்பப்ப வந்து காட்டினா போதும்." மனைவி ஆனந்தத்தில் அங்கிருந்தே மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டாள். இவன் முகம் தொங்கிப்போயிற்று.

மறுநாள் டீ நேரத்தில் ஒரு பெரிய கோப்பை காத்திருந்தது. 'புற்றுநோய் — முதல் பரிசு' என்று மேஸ்திரியே கோணல்மாணலாகப் பொறித்திருந்தார். கைதட்டல் அடங்கவில்லை. அதோடு விட்டாரா?

"இனிமே இந்த எழவு எதுக்குடா?" என்று மாத்திரை டப்பாவை எடுத்து, தப்பாகிப்போன கோப்பைகளை உருக்கும் அடுப்புக்கு மேலே பிடித்தார். கூட்டம் எண்ணத் தொடங்கியது. "ஒண்ணு... ரெண்டு..."

"போடாதீங்கண்ணே!"

"ஏன்டா?"

என்ன பொய் சொல்லலாம் என்று தேடினான். ஒன்றும் மிச்சமில்லை.

"அது புற்றுநோய்க்கு இல்லண்ணே. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ரொம்ப வருஷமா. அதை மறைக்கத்தான் தம்மே பழகினேன்."

அக்கா தண்ணீர் பாட்டிலை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேஸ்திரி கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கீழே வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தான். அவர் அவன் உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்தார்.

அவன் பின்வாசலை நோக்கி நடந்தான்.

"எங்கடா போற?" மேஸ்திரியின் குரல் உடைந்திருந்தது. "பொய்யா இருந்தப்ப எங்க முன்னாடிதானே முழுங்கின? இப்பவும் இங்கயே முழுங்குடா."

தண்ணீர் கொடுக்க யாரும் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வெறுந்தொண்டையில் விழுங்கினான்.