கனடாவில் இல்லாத அக்கா

கொட்டாஞ்சேனையில் தகரத்தால் ஒரு பெட்டிக்கடை கட்டினேன். கலவரத்தில் எரித்தார்கள். சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் கல்லால் கட்டினேன். பிறகு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை வாசலில் வெளிநாட்டுக்குப் போன் பேசுகிற கடை, ஒரு கொமினிகேசன் திறந்தேன். பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்று, புறக்கோட்டையில் வெங்காய மூட்டை சுமந்தவன் நான். எனக்கு யாரும் ஒரு செங்கல்கூடத் தூக்கித் தரவில்லை.

இன்னொன்றும் கட்டினேன். அதற்குச் சுவர் இல்லாததால் யார் கண்ணிலும் படுவதில்லை. எச்.ஐ.வி. நோய் உள்ளவர்கள் கிளினிக்கையும் மாத்திரையையும் விட்டுவிடாமல் இருக்க, போனில் மெசேஜ் அனுப்பும் முறை. அதைப்பற்றி இப்போது படித்தவர்கள் பேசுகிறார்கள். என்ன நடந்தது என்று நானும் சொல்லிவைக்கிறேன்.

சண்டை கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். வடக்குப் பாதை பூட்டியிருந்தது. வெள்ளவத்தை லொட்ஜுகளில் யாழ்ப்பாணத்துச் சனம் நிறைந்திருந்தது. என் கடைக்குப் போனுக்குக் காசு ஏற்ற, ரீலோட் போட வருகிறவர்களில் எச்.ஐ.வி. கிளினிக் பார்க்கிற ஒரு பெண் டொக்டர் இருந்தார். ஒருநாள் முகம் செத்துப்போய் வந்தார்.

"ஐயா, என்ட ஆக்கள் கிளினிக்குக்கு வாறதை விட்டுட்டினம். போனில ஞாபகப்படுத்தினன். ஒருத்தன் சிம்மைக் கழட்டிக் கடலில எறிஞ்சிட்டானாம்."

"என்னன்னு அனுப்பினீங்க?"

"நாளைக்கு கிளினிக், வாங்கோ எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னம்மா நீங்க. லொட்ஜில ஒரு ரூமுல நாலு பேர் படுக்கிறான். ஒருத்தன் போனை மத்தவன் எடுத்துப் பார்ப்பான். எந்தக் கிளினிக்குடான்னு கேட்டா அவன் என்னத்தச் சொல்லுவான்?"

இத்தனை படித்தும் அது டொக்டருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வெள்ளவத்தையில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எது? கொமினிகேசன்காரன் ஆள் அனுப்பி, "உங்கட அண்ணா கோல் எடுப்பார், வாங்கோ" என்று கூப்பிடுவது பழைய வழக்கம். ஆகவே என் கடை நம்பரிலிருந்து, ஆங்கில எழுத்தில் தமிழாக, "கனடா அக்கா நாளைக்கு எடுப்பா" என்று அனுப்புவோம் என்றேன். கண்டவர்கள் கிளினிக்குக்கு வருவதாக இருந்தால் ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தால் போதும். காசும் போகாது, எழுத்தும் இருக்காது. மிஸ்ட் கோல் வராத ஆளை டொக்டர் தேடிப் போவார்.

டொக்டர் அவர்களிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் நம்பரை மட்டும் தந்தார். பெயர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மெசேஜ் போனதும் என் போன் ஒவ்வொரு நம்பரிலிருந்தும் ஒருமுறை அடித்து நிற்கும். அந்தச் சத்தத்தில் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அதில் ஒரு நம்பர் எப்போதும் முதலாவதாக அடிக்கும். அது யாரென்று ஒருநாள் தானாகத் தெரிந்தது. பக்கத்து லொட்ஜில் இருந்த, புடவைக்கடையில் வேலை செய்த பையன், அந்த நம்பருக்கு ரீலோட் போட வந்தவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"ஐயா, அக்காவைச் சுகம் கேட்டதா சொல்லுங்கோ."

"சொல்றேன். அக்கா ஒழுங்கா மாத்திரை முழுங்கச் சொன்னா."

சிரித்துக்கொண்டே போனான். பருத்தித்துறையில் தாய் மட்டும் இருந்தாள். கூடப்பிறந்தவர்கள் இல்லை. மாத்திரைகளை சத்து மாத்திரைப் போத்தலில் போட்டு, காலையும் மாலையும் எல்லோர் முன்னாலும் விழுங்குவானாம். இடையில் நிற்பாட்டினால் நோய் அந்த மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அது வேலை செய்யாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் அந்த நம்பர் அடிக்கவில்லை. மெசேஜ் போன மறுநாள் நான் லொட்ஜுக்குப் போனேன். லொட்ஜ்காரர் வாசலிலேயே கையை விரித்தார்.

"முந்தாநாள் விடியக்காலம் பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போட்டாங்கள் முதலாளி. மற்றவங்களை விட்டுட்டாங்கள். இவனை மட்டும் விடேல்லை. போனில ஏதோ கிடந்ததாம்."

அவன் கட்டிலுக்குக் கீழே போத்தல் அப்படியே இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பொலிசுக்கு நடந்தேன். அந்த நாளில் ஒரு தமிழன் கூப்பிடாமல் தானாகப் பொலிசுக்குள் நுழைவது என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் நுழைந்தேன்.

அங்கிருந்த சார்ஜன் என் கடைக்கு வருகிறவர். பையனின் போனைத் தூக்கிக் காட்டினார்.

"முதலாளி, மே அக்கா கவுத?"

இந்த அக்கா யார் என்று கேட்கிறார். லொட்ஜில் தங்கும் தமிழன் பொலிசில் பதிய வேண்டும். அந்தப் பதிவுக்கு வந்தபோது வெளிநாட்டில் யாரும் இல்லை என்று சொன்னவனுக்கு மாதாமாதம் கனடாவிலிருந்து அக்கா எப்படி வருவாள்? எங்கே இருக்கிறாள், எதற்குக் கூப்பிடுகிறாள் என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். வாய் திறக்கவில்லை. மெசேஜ் வந்த நம்பர் என் கடைப் பலகையில் எழுதியிருக்கிற நம்பர் என்பதும் சார்ஜனுக்குத் தெரியும். நான் போகாவிட்டால் அன்றைக்கே என்னைத் தேடி வந்திருப்பார்கள்.

கம்பிக்குள் பையன் குந்தியிருந்தான். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் தலையை இல்லை என்று ஆட்டினான். சொல்லாதே என்கிறான். எனக்குப் புரிந்தது. ஆனால் பையில் போத்தல் கனத்தது. பிடித்த நாளிலிருந்து ஒரு மாத்திரையும் அவன் வாயில் போகவில்லை.

சார்ஜனின் காதோடு சிங்களத்தில் சொன்னேன். நோயின் பெயரையும் சொன்னேன். அக்கா நான் உண்டாக்கியவள் என்றும், நம்பாவிட்டால் டொக்டரைக் கேளுங்கள் என்றும் சொன்னேன். சார்ஜன் பையனின் போனை மேசையில் போட்டார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

டொக்டரோடு பேசிவிட்டு அன்று பின்னேரமே விட்டார்கள். லொட்ஜ்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கூட நின்ற கொன்ஸ்தாபிள், "இவனோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்காதே" என்று அவருக்குச் சொல்லிச் சிரித்தான். நாங்கள் ஒழுங்கைக்கு வருவதற்குள் பையனின் பாயும் பையும் றோட்டில் கிடந்தன. லொட்ஜ்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பையன் பாயைச் சுருட்டினான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"இன்னும் ரெண்டு நாள் அடிச்சுப்போட்டு விட்டிருப்பாங்கள், ஐயா. இப்ப நான் எங்க போறது?"

"உயிர் இருக்குல்ல? மொதல்ல மாத்திரையை முழுங்குடா."

போத்தலைக் கையில் திணித்தேன். எனக்கு முன்னாலேயே தண்ணீர் இல்லாமல் விழுங்கினான். கொட்டாஞ்சேனைக் கடையின் பின்னறையில் படுக்க இடம் தருகிறேன் என்றேன். ஓம் என்றான். ஆனால் வரவில்லை. புடவைக்கடைக்கும் அவன் திரும்பப் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்த அக்காவை நிறுத்திவிட்டேன். புதிய முறை செய்தேன். கிளினிக்குக்கு முதல்நாள், கடைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே மெசேஜ்: "நாளைக்குக் கடை திறந்திருக்கும்." நோயாளிக்கும் அதுதான், லொட்ஜ்காரருக்கும் அதுதான், சார்ஜனுக்கும் அதுதான். யாருடைய போனைத் தட்டிப் பார்த்தாலும் ஒருவனைப் பிரித்தெடுக்க முடியாது. மிஸ்ட் கோல்கள் மறுபடி வரத் தொடங்கின. அந்தப் பையனின் நம்பருக்கும் அனுப்பினேன். கோல் எடுத்துப் பார்த்தால், போன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். டொக்டர் கல்கிசை வரை லொட்ஜ் லொட்ஜாகத் தேடினார். தாயிடம் போக யாழ்ப்பாணக் கப்பலுக்குப் பெயர் கொடுத்தான் என்றார்கள் சிலர். போய்ச் சேர்ந்தானா, மாத்திரை எத்தனை நாளைக்கு இருந்தது, தெரியாது.

சண்டை முடிந்து வெகுகாலம் கழித்து, ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்கு என் மகள் கூட்டிப்போனாள். திரையில் போன் படம் போட்டு, எல்லோருக்கும் ஒரே மெசேஜ், பதிலுக்கு மிஸ்ட் கோல் என்று ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கினார். மகள் காதில் மொழிபெயர்த்தாள். சனம் கைதட்டியது. யார் யோசித்தது என்று அவர் சொல்லவில்லை. அந்த டொக்டர் உயிரோடு இருந்திருந்தால் எழும்பிச் சொல்லியிருப்பார். அவர் நேர்மையான மனுசி.

ஆகவே நானே கேட்கிறேன். இந்த முறையை எழுதுகிறவர்கள், வெள்ளவத்தையில் கொமினிகேசன் வைத்திருந்த, மூன்றாம் வகுப்புப் படித்த ஒருவன் இதைச் செய்தான் என்று எழுத வேண்டும். அதன் கீழே, கனடாவில் அக்கா இல்லாத ஒரு பிள்ளை அடி வாங்கிய பிறகே அது சரியாக வந்தது என்றும் எழுத வேண்டும். என்னுடையதை மட்டும் போட்டுவிட்டு அவனை விட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டும் வேண்டும்.