முதல் வெண்ணெய்ப் பானை

சங்கரன்கோவிலில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் பள்ளிக்கூடத்து டீச்சர். போன வாரம் பாடத்துக்காக எதையோ படித்துக்கொண்டிருந்தவள், வானத்தில் எத்தனையோ நட்சத்திரக் கூட்டங்கள் இருப்பதாகவும், அவற்றில் சில புதிதாக நட்சத்திரம் பிறப்பிப்பதை நிறுத்திவிட்டதாகவும் சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வெளியாள் முன்னால் வாயே திறக்கமாட்டேன். இவளிடம் என்றால் கேட்டுவிடுவேன்.

"சரக்கு தீந்துபோச்சோ, தாயி?"

"சிலதுல தீந்துபோச்சு அத்த. சிலதுல வாயு நெறையக் கெடக்கு, ஆனா கொதிச்சுக்கிட்டுல்லா கெடக்கு. ஆறுனாத்தான் ஒண்ணுகூடி நட்சத்திரமாவும். நடுவுல இருக்க கருந்துளை அத ஆறவிட மாட்டேங்குன்னு சொல்லுதாவ."

நட்சத்திரமே நெருப்பு. அது பிறக்கக் குளிர்ச்சி வேண்டுமாம். எனக்குப் பிடிபடவில்லை. குழம்பிக்கொண்டு கிடந்தபோதுதான் ஏழு வயதில் நான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது.

அப்போது பனவடலிசத்திரம் பக்கம் இருந்தோம். எருமை ஈன்றால் முதல் வெண்ணெய் சாமிக்கு. அதை யார் கடைவது என்று பெரியம்மாதான் முடிவு செய்வாள். அந்தச் சித்திரையில் அம்மாவிடம் விட்டிருந்தாள். அம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம், நான் போய் மத்துக் கயிற்றைப் பிடித்தேன். எவ்வளவு இழுத்தும் வெண்ணெய் திரளவில்லை. மார்கழியில் இப்படி ஆனபோது அம்மா ஒரு செம்பு வெந்நீர் ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். நான் இரண்டு செம்பு ஊற்றினேன். அதன்பிறகு கடையக் கடைய மேலே எண்ணெய்தான் மினுங்கியது. மார்கழியில் வெண்ணெயைக் கூட்டிய அதே வெந்நீர் இப்போது ஏன் கலைத்தது என்று விளங்காமல் முழித்தேன்.

அம்மாவும் பெரியம்மாவும் ஒன்றாக வந்து நின்றார்கள். பெரியம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"முத வெண்ணெயக் கெடுத்த கை எதுட்டீ? ராசியத்த கை. இனிமே ஆயுசுக்கும் இந்தப் பானையத் தொடப்பிடாது."

நான் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தாக்கா. மார்கழி நெனப்புல வெந்நிய ஊத்திட்டேன்."

"ஊரே வேர்த்து வடியுது, ஒனக்கு மட்டும் மார்கழியாக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா போய்விட்டாள்.

அம்மா பானையைத் தூக்கி ஈர மணலில் வைத்தாள். "வெண்ணெ எங்கயும் போவல மக்கா. உள்ளதான் இருக்கு, ஆறட்டும்" என்றாள். மறுநாள் காலையில் கொஞ்சம் திரண்டது. அது சாமிக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டதால் எனக்கே கிடைத்தது.

அம்மாவுக்கு மறதி, வெந்நீர் ஊற்றியது யார் என்பதுகூட நினைவில்லை என்றுதான் அன்று எண்ணிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ எருமைகள் ஈன்றன. பெரியம்மா முதல் பானையை மற்றவர்களிடம் விட்டாள். ஒரு தடவைகூட அம்மாவிடம் விடவில்லை. மற்றவர்கள் கடையும்போது அம்மா சற்றுத் தள்ளி நின்று பார்ப்பாள். அவளுக்கு வேலை மிச்சமாயிற்று என்று எனக்கு ஒரே சந்தோஷம்.