முகம் மலர்ந்த குற்றம்

தம்பி கொரியாவுக்கு வேலைக்குப் போன பிறகுதான் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குள் கொரிய அரண்மனை நுழைந்தது. மகன் இருக்கிற நாட்டைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அகப்பட்டதோ அறுநூறு வருடத்துக்கு முந்திய நாடு. தமிழில் குரல் கொடுத்த நீண்ட தொடர் ஒன்று, கிழமைக்கு இரண்டு தலையாவது உருளும். அங்கே அண்ணன் தம்பிமார் இப்போதும் இப்படித்தானா என்று அம்மா போனில் தம்பியிடம் கவலையோடு விசாரிப்பார். அவன் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் நிற்கிறவன். தான் இன்னும் ஒரு இளவரசனையும் காணவில்லை என்பான்.

கதை இதுதான். அந்த வம்சத்தைத் தொடங்கிய அரசர், வளர்ந்த மகன்மாரை விட்டுவிட்டு இரண்டாம் தாரத்தின் கடைக்குட்டிக்குப் பட்டம் என்று சொல்லிவிட்டார். ஐந்தாவது மகனுக்கு அது பொறுக்கவில்லை. தகப்பன் நாட்டைப் பிடிக்கக் கூடநின்று பாடுபட்டவன் அவன். தகப்பன் நோயாகப் படுத்திருந்த நேரம் பார்த்து அந்தச் சின்னவனையும் அவனுடைய அண்ணனையும் முடித்துவிட்டான். கொஞ்சக் காலம் தன் தமையன் ஒருவனை அரியணையில் இருத்திவிட்டுப் பிறகு தானே ஏறினான்.

ஏறியவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் திடீரென்று, பட்டத்தை மகனுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றான். அமைச்சர்கள் முற்றத்தில் விழுந்து வேண்டாம் வேண்டாம் என்று அழுதார்கள். அதுதான் அங்கே முறை. அரசர் தருகிறேன் என்றால் வாங்கக் கூடாது. அவனும் மனம் இரங்கியவன் போல இருந்துவிட்டான். வினை பிறகுதான் வந்தது. அரசியின் தம்பிமார் இரண்டு பேர், அரசர் விலகுகிறேன் என்றபோது முகம் மலர்ந்தார்கள், இருக்கிறேன் என்றபோது வாடினார்கள் என்று குற்றச்சாட்டு. முதலில் நாடு கடத்தினார்கள், பிறகு உயிரையும் எடுத்தார்கள். எனக்கு நம்பமுடியாமல் இருந்தது. புத்தகம் தேடி வாசித்துப் பார்த்தேன், உண்மைதான்.

அந்தக் கட்டம் ஓடிய கிழமையே, பிட்டைச் சொதியில் குழைத்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமல் சொன்னார், தனக்கு இனி ஏலாதாம், கடையை ஆரிடமாவது கொடுக்கப் போகிறாராம்.

துறைமுகப் பக்கம் எங்களுக்கு ஒரு வலைக்கடை இருந்தது. வலை, கயிறு, மிதவை, தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி எல்லாம் விற்போம். நிலாவெளியில் இருந்தும் கிண்ணியாப் பக்கத்தில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். நான் பதினாலு வருடமாக அங்கேதான் நிற்கிறேன். எந்தக் கடலுக்கு எந்தக் கண் அளவு வலை, எந்தக் காற்றுக் காலத்தில் எந்தக் கயிறு போகும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் கணவர் சீனன்குடாவில் வேலை. எனக்குக் கடையை விட்டால் வேறு உலகம் இல்லை. அந்தக் கடை எனக்கு வேண்டும். அதைக் கேட்க மட்டும் வாய் வராது.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, தொழில் ஆண்பிள்ளைக்கு. கலியாணத்தோடு வீட்டை என் பெயருக்கு எழுதியாயிற்று. கடையையும் கேட்டால், வீட்டையும் விழுங்கிவிட்டுத் தம்பியின் பங்குக்கும் வாய் திறக்கிறாள் என்று ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், தம்பி நினைத்துவிட்டால்?

ஆகவே அன்று அப்பா சொன்னதும் என் நெஞ்சுக்குள் ஒரு துள்ளல் துள்ளியது. உடனே முகத்தைத் தொங்கப் போட்டேன். சின்ன வயதில் இருந்தே என் முகம் ஒரு காட்டிக்கொடுப்பான், மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாது. அப்பா அதைப் பார்த்தே என் பொய்களை எல்லாம் பிடித்தவர். நீங்கள் இருக்கும்வரைக்கும் நீங்கள்தான் என்று நான் சொன்னேன். அம்மா கண் கலங்கினார். தம்பியும் போனில் அதையேதான் சொன்னான். முற்றத்தில் விழுந்து அழாத குறை. அப்பா கையைக் கழுவிவிட்டுப் போனார்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருதரம் அவர் தனக்கு ஏலாது என்பார். நாங்கள் மூவரும் வேண்டாம் என்போம். அந்தக் கொரிய அரசன் போல எங்களைச் சோதிக்கிறார் என்றே எனக்குப் பட்டது. ஒருநாள் கண்ணாடி முன் நின்று கவலை முகம் பழகிப் பார்த்தேன். வெட்கக்கேடு. ஆனாலும் பழகினேன். கடையில் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அடுக்கிய கயிற்றைக் குலைத்து மறுபடி அடுக்குவேன். கதிரையில் இருந்தால் கால் ஆடும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால்கூட எரிச்சல் வரும். தம்பி போன் எடுத்தால், லீவில் வருகிறேன் என்று சொல்லிவிடுவானோ என்று பேச்சை மாற்றுவேன். கூடப்பிறந்தவன் ஊருக்கு வரக் கூடாது என்று நினைத்த பாவி நான். அதை இப்போது மறைக்க என்ன இருக்கிறது.

இதற்கிடையில் குறிஞ்சாக்கேணிக்காரர் ஒருவர் இறால் வலையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கேட்டதைவிடப் பெரிய கண், இறால் எல்லாம் ஓடிவிட்டதாம். எடுத்துக் கொடுத்தவர் அப்பா. வலைக் கண்ணுக்குள் விரலை நுழைக்காமலே, தூர நின்று கண் அளவு சொல்லுகிற மனிதர் அவர். கடையில் வெளிச்சம் போதாது என்றார். பிழை என்னுடையது என்று அந்த ஐயாவிடம் சொல்லி வலையை மாற்றிக் கொடுத்தேன். அப்பாவின் மரியாதையைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்குப் பெருமை வேறு.

போன ஆனியில், சனமில்லாத ஒரு காலை நேரம், அப்பா கடைத் திறப்புக் கோர்வையைக் கிலுங்க மேசையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, உண்மையாச் சொல்லு. இந்தக் கடையில உனக்கு விருப்பம் இருக்கே?”

ஓம் என்ற ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கடைசிச் சோதனை இது என்று நினைத்தேன். முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

“நீங்கள் இருக்கேக்க எனக்கு என்னத்துக்கு அப்பா இது?”

அவர் தலையாட்டினார். சோதனையில் தேறிவிட்டேன் என்ற நினைப்பில் அன்று எனக்கு நல்ல நித்திரை.

பத்து நாள் கழித்து நிலாவெளிக்காரர் ஒருவர் அளவுநாடாவோடு கடைக்குள் வந்தார். ஹோட்டல் நடத்துகிறவராம். டவுனிலும் ஒரு சாப்பாட்டுக் கடை போடப் போகிறாராம். சுவரைத் தட்டிப் பார்த்தார். வலை அடுக்கியிருந்த இறாக்கையை எப்போது கழற்றுவோம் என்று கேட்டார். அப்பாவை உள்ளறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். கடையை அவருக்கு விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஒருவருக்கும் விருப்பமில்லாத சுமையைப் பிள்ளைகளின் தலையில் கட்டக் கூடாது என்று முடிவெடுத்தாராம்.

“எனக்கு விருப்பமப்பா. முதல் நாளே எனக்குச் சந்தோசத்தில நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. என்ர முகத்தில கண்டுபிடிச்சிடுவீங்கள் எண்டு பயந்துதான் அப்பிடி இருந்தனான்.”

அப்பா என் தோளைப் பிடித்து, தன் முகத்தை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்ட. அப்படியும் அவருடைய பார்வை என் கண்ணில் வந்து நிற்கவில்லை, கன்னத்துப் பக்கம் எங்கோ தடவிக்கொண்டிருந்தது.

“சீனி வருத்தம் கண்ணைக் கொண்டுபோட்டுது பிள்ளை. கொம்மாக்கும் சொல்லேல்ல. இரண்டு வருசமா எனக்கு ஒருத்தற்ற முகமும் தெரியாது. நீ வாயால சொன்னதைத்தான் நான் நம்பினனான்.”

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அழுதேன், அது மட்டும் தெரியும். கொடுத்த வாக்கை மீறுகிற மனிதர் இல்லை அவர் என்பதும் எனக்குத் தெரியும். வெளியே அந்த நிலாவெளிக்காரர், ஆராவது வந்து நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க முடியுமா என்று குரல் கொடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு நானே போய்ப் பிடித்தேன்.